ஒன்றை அழுத்தவும்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கடையில் அவரை எல்லோரும் எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசி அறையில் வேலை பார்த்ததால் வந்த பெயர் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. ஆஸ்பத்திரியில் அவர் வெறும் 'ஆபரேட்டர்'தான். எக்ஸ்சேஞ்ச் அக்கா என்று பெயர் வைத்தவர் அவருடைய கணவரின் அண்ணன், அதுவும் கேலியாக, கடையின் மூலையில் யாரோ கழித்துப்போட்ட கணினி ஒன்றை நிறுத்தி, அதற்குள் ஒரு தொலைபேசி நிலையத்தையே அக்கா கட்டி முடித்த பிறகு. கேலி நாளடைவில் தேய்ந்துபோயிற்று. பெயர் ஒட்டிக்கொண்டது.

கண்ணாடி வெட்டும் கடைக்கும் நகலெடுக்கும் கடைக்கும் நடுவில், முகப்பு குறுகலாகவும் உள்ளே போகப் போக நீளமாகவும் இருக்கும் இடம் அது. முன்னால் அக்காவின் மேசை. பின்னால் இரும்புக் கயிற்றுச் சுருள்கள், கதவு உருளைகள், கிரீஸ் டப்பாக்கள். மூன்றே பேர். பெரியவர், அதாவது கணவரின் அண்ணன், கட்டடக்காரர்களைப் பார்த்துப் பேசி ஒப்பந்தம் வாங்கி வருவார். தம்பி மெக்கானிக், அக்காவின் கணவர். அக்காவுக்குத் தொலைபேசி.

தொலைபேசிதான் எளிய வேலை என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் பார்க்கும் ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் சுவரில் ஒரு சிறு பெட்டி உண்டு. அதில் எண்கள் கிடையாது. ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். மாட்டிக்கொண்டவர் அதை அழுத்தினால் இங்கே கடையில் மணி அடிக்கும்; அக்கா எடுப்பார்; மெக்கானிக் கிளம்புவார். சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் ரிசீவரை எடுக்கும் பழக்கத்தை அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார். அடிக்கிற மணியை அடிக்க விடுவது அவருக்குக் கொதிக்கிற பாலைப் பொங்க விடுவது மாதிரி.

முன்பெல்லாம் ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு தனித் தொலைபேசி இணைப்பு வேண்டியிருந்தது. மழை பெய்தால் பாதி இணைப்பு செத்துப்போகும். செத்துப்போனது யாருக்கும் தெரியாது, யாராவது மாட்டிக்கொள்ளும் வரைக்கும். இதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, பெரிய கம்பெனி ஒன்றின் விற்பனையாளர் பளபளப்பான புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். எல்லா லிஃப்டையும் இணையம் வழியாக இணைத்துவிடலாம், மூன்று வருட ஒப்பந்தம், பெட்டி எங்களுடையது, அதைத் திறக்க மட்டும் கூடாது என்றார். அந்தக் கடைசி வார்த்தை அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய் இணையத்தில் தேட ஆரம்பித்தார்.

தேடியதில் கிடைத்தது ஒரு திறந்த மூல மென்பொருள். ஊர் பேர் தெரியாத ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள், பிடிக்காததை மாற்றிக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்துவிட்டது. ஒரு சாதாரணக் கணினியில் அதைப் போட்டால், இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அந்தத் தொலைபேசி அடிக்கட்டும் என்று நாமே வரி வரியாக எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டடத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாற்றுப் பெட்டியை வைத்து, லிஃப்டின் கம்பியை அதில் செருகினால் போதும். பேச்சு இணையத்தில் ஏறிக் கடைக்கு வந்துவிடும்.

பெரியவருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"சும்மா குடுக்கறான்னா எதுக்கும்மா குடுக்கறான்? அவனுக்கு வேற வேலை இல்லையா?"

"வேலை இருக்கறவங்கதான் மாமா. அவங்க வேலைக்கு வேணும்னு எழுதியிருக்காங்க. நமக்கும் உதவட்டும்னு வெளிய வெச்சிருக்காங்க."

"நாளைக்கு ரிப்பேர் ஆச்சுன்னா யார் சட்டையைப் பிடிக்கறது?"

"என் சட்டையைப் பிடிங்க."

"நீ சட்டை போட்டாத்தானே" என்றார் மெக்கானிக், நடுவில் புகுந்து. அண்ணன் முறைத்த முறைப்பில் கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அக்கா அன்று ஒரு வாக்குக் கொடுத்தார். "ஒரு லிஃப்ட்லேர்ந்து ஒரு ஆள் கூப்பிட்டு, நாம எடுக்காம போச்சுன்னா, அன்னிக்கே இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி வெளிய வெச்சிடலாம் மாமா. நானே தூக்கறேன்." பெரியவர் அதைக் காதில் போட்டுக்கொண்டு, மறக்காமல் வைத்துக்கொண்டார். அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

பெட்டி உடனே வேலை செய்துவிடவில்லை. ஆரம்பத்தில் லிஃப்டிலிருந்து பேசுகிறவர் குரல் இங்கே கேட்டது. அக்காவின் குரல் அங்கே போகவில்லை. இந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசும் இணையதளம் ஒன்று இருந்தது. அதில் தட்டுத்தடுமாறி எழுதிக் கேட்டார். வேறு ஏதோ தேசத்தில் இருக்கும் ஒருவர், படத்தில் மார்பு வரை தாடி, பொறுமையாகப் பதில் சொன்னார். கடையின் இணையப் பெட்டி வெளியே போகும் பேச்சை விடுகிறது, திரும்பி வருவதற்கு வழி தெரியாமல் நிற்கிறது, இந்த வரியைச் சேருங்கள் என்றார். சேர்த்ததும் பேச்சு இரண்டு பக்கமும் ஓடியது. தாடிக்காரர் என்ற பெயரில் அவர் அந்தக் குடும்பத்துப் பேச்சில் ஒரு சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

வாங்கி மட்டும் கொண்டிருப்பது அக்காவுக்கு உறுத்தியது. அந்த மென்பொருளில் 'காத்திருக்கவும்', 'மன்னிக்கவும்' என்பது போன்ற அறிவிப்புகள் பல மொழிகளில் இருந்தன, தமிழில் இல்லை. வீட்டில் துணி அலமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்கும் புடவைகளுக்கும் நடுவில் தலையை விட்டுக்கொண்டு, எதிரொலி வராமல் ஒவ்வொன்றாகப் பேசிப் பதிவு செய்தார். எண்கள், கிழமைகள், மன்னிப்புகள், நன்றிகள். "அலமாரியோட என்னம்மா சண்டை?" என்று கேட்டார் மெக்கானிக். பதிவுகளை அக்கா பொதுவில் போட்டார். கொஞ்ச காலத்துக்குப் பிறகு ஒரு கண் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்தால், "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று அவருடைய குரலே அவரைக் காக்க வைத்தது. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் காத்திருந்தார்.

குரல் நல்ல குரல். ஆஸ்பத்திரியில் பழகிய, அவசரமில்லாத, பக்கத்தில் நின்று பேசுகிற குரல். பின்னால் நடந்ததற்கு அந்த நல்ல குரலும் ஒரு காரணம்.

கடையின் பொது எண்ணுக்குக் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று ஓயாமல் அழைப்புகள் வரத் தொடங்கியிருந்தன. பெரியவருக்கு நெடுநாளாக ஓர் ஆசையும் இருந்தது. "பெரிய கம்பெனிக்குப் போன் பண்ணா ஒரு குரல் வந்து ஒன்னை அழுத்து ரெண்டை அழுத்துன்னு சொல்லுது பாரு. அப்படி ஒன்னு நமக்கும் வெச்சா ஒரு கெத்தா இருக்கும்ல?" அக்காவுக்கும் அது சரியென்று பட்டது. தானாக எண்களைச் சுழற்றி அழைக்கும் விற்பனைக் கும்பல் எதையும் அழுத்தாது, அங்கேயே கழன்றுவிடும். அலமாரிக்குள் மறுபடி தலையை விட்டுப் பதிவு செய்தார்:

"வணக்கம். லிஃப்ட் பழுது குறித்துப் பேச, ஒன்றை அழுத்தவும். கணக்கு விவரங்களுக்கு, இரண்டை அழுத்தவும்."

ஒன்றும் அழுத்தாவிட்டால்: "மன்னிக்கவும். நீங்கள் எதையும் அழுத்தவில்லை." மறுபடியும் அழுத்தாவிட்டால், "அழைத்தமைக்கு நன்றி" என்று சொல்லி இணைப்பு துண்டிக்கப்படும்.

லிஃப்டுகளை அக்கா மறக்கவில்லை. பொத்தான் மட்டும் உள்ள பெட்டியில் ஒன்றை எப்படி அழுத்துவது? லிஃப்டுகள் மாற்றுப் பெட்டிகள் வழியாக உள் எண்களாக வருகின்றன. அவை இந்த அறிவிப்புக்குள் நுழையாமல் நேரே மேசைக்கு வரும்படி எழுதினார். எழுதியதோடு விடவில்லை. மெக்கானிக்கை ஒவ்வொரு கட்டடமாக அனுப்பி, பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இங்கே மணி அடித்தது, எடுத்து, "கேக்குதா?" "கேக்குது" என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு கட்டடம் மட்டும் வேறு மாதிரி. கீழே பேக்கரியும் மேலே அலுவலகங்களும் இருக்கும் கட்டடம். இணைய இணைப்புக்குப் பணம் கொடுக்க மாட்டேன் என்று அதன் சொந்தக்காரர் அடம்பிடித்ததால், முன்பு அந்த லிஃப்டைப் பார்த்துவந்த ஆட்கள் வைத்துவிட்டுப் போன சிம் கார்டு பெட்டிதான் அந்த லிஃப்டில் இன்னும் இருந்தது. அது உள் எண் இல்லை. வெளியிலிருந்து, எல்லோரையும் போலப் பொது எண்ணுக்குத்தான் அழைக்கும். அக்கா அதை நினைக்கவில்லை. இருந்தாலும் சோதனையில் பிடிபட்டிருக்க வேண்டும். மெக்கானிக் அங்கும் போனார், பொத்தானை அழுத்தினார், திரும்பி வந்தார்.

"பேக்கரி பில்டிங் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. உன் குரல் கணீர்னு கேட்டுச்சு."

தனக்கு மணி அடித்த ஞாபகம் அக்காவுக்கு இல்லை. வரிசையாக அத்தனை அழைப்புகள் எடுத்த நாள் அது; அதில் இதுவும் ஒன்று என்று இருந்துவிட்டார்.

அது நடந்தது ஒரு நடுப்பகலில். அக்காவின் மேசையில் இருந்த திரையில், வரும் அழைப்புகள் ஒவ்வொன்றும் ஒரு வரியாக ஓடும். ஓர் எண் அறிவிப்புக்குள் நுழைந்தது, எதையும் அழுத்தவில்லை, துண்டிக்கப்பட்டது. சற்று நேரத்தில் அதே எண். மறுபடியும் அதே கதை.

"மாமா, இங்க பாருங்க. யாரோ நமக்குக் கடன் குடுத்தே தீருவேன்னு நிக்கறாங்க."

பெரியவர் எட்டிப் பார்த்தார். "குடுக்கட்டும் குடுக்கட்டும். உன் குரலைக் கேட்டுட்டே போகட்டும்" என்று சிரித்தார். அவருக்கு அந்த அறிவிப்பில் ஒரு முதலாளிப் பெருமை.

அதே எண் இன்னொரு தடவை வந்தது. அக்காவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. விற்பனைக்காரன் இப்படித் திரும்பத் திரும்ப வரமாட்டான். அவனுக்கு ஊர் முழுக்க வேறு எண்கள் இருக்கின்றன. மறுபடி அந்த எண் தலைகாட்டியதும், நடப்பதை ஒட்டுக்கேட்கும் வசதியை அக்கா அழுத்தினார். மேசை ஒலிபெருக்கியில் முதலில் அவருடைய குரலே வந்தது.

"...நீங்கள் எதையும் அழுத்தவில்லை."

அதற்கு மேல் ஒரு ஆணின் குரல். இழுத்து இழுத்து, விசில் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு: "அக்கா... அழுத்தறதுக்கு இங்க நம்பரே இல்லக்கா... எத்தனை தடவக்கா சொல்றது... ஒரே பட்டன்தான்க்கா இருக்கு..."

"அழைத்தமைக்கு நன்றி" என்றது அக்காவின் குரல், அன்போடு. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அக்கா நாற்காலி நுனிக்கு வந்தார். நம்பர் இல்லை, ஒரே பட்டன், அப்படியென்றால் லிஃப்ட். மற்ற லிஃப்ட் எல்லாமே திரையில் கட்டடப் பெயரோடு வரும். பெயரில்லாமல் வெளியிலிருந்து வரக்கூடியது ஒன்றே ஒன்று. அந்த மூச்சிரைப்பும் அவருக்குத் தெரிந்ததுதான். பேக்கரிக்காரர். ஆஸ்துமாக்காரர்.

அந்த மனிதர் எவ்வளவு நேரமாக ஒரு பெட்டிக்குள் நின்றுகொண்டு தன்னிடம் கெஞ்சியிருக்கிறார்! தான் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நன்றி சொல்லி, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறோம்! பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை.

கை காரியத்தைப் பார்த்தது. கணவரின் கைபேசிக்கு அடித்தார். "என்னங்க, பேக்கரி பில்டிங். ஆள் உள்ள இருக்கு. பேக்கரித் தம்பி. மூச்சு வாங்குது. எங்க இருக்கீங்க?" பக்கத்துத் தெருவில்தான், ஒரு கதவு உருளையைக் கழற்றிக்கொண்டிருந்தார் மெக்கானிக். கழற்றியதை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுக்கும் சத்தம் கேட்டது. அடுத்து பேக்கரிக்கு. அவர் மனைவி எடுத்தார். மேல்மாடி ஆபீசுக்குக் கேக் கொண்டுபோனவர் அங்கேயே உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார் என்று அந்த அம்மாள் திட்டிக்கொண்டிருந்தார். கைபேசியும் கல்லாப்பெட்டி மேல் கிடந்தது. மூச்சுக்கு இழுக்கும் மருந்தும் மேசை இழுப்பறையில் கிடந்தது. கட்டடத்தில் எங்கோ தரை ஓடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

"மருந்தை எடுத்துக்கிட்டு லிஃப்ட்கிட்ட போய் நில்லுங்க. கதவை யாரும் இழுக்க வேண்டாம். எங்க வீட்டுக்காரர் வந்துட்டிருக்கார்."

பிறகு அக்கா கணினிப் பக்கம் திரும்பினார். திரும்ப அழைத்துப் பார்த்தார். அந்தப் பழைய பெட்டி உள்ளே வரும் அழைப்பை எடுக்கிற வகை இல்லை. அவரே மறுபடி அழுத்தினால்தான் உண்டு. அழுத்தினால் மறுபடியும் அந்தக் குரல்தான் வரும். அறிவிப்புக்கான வரிகளைத் திறந்தார். அவற்றுக்கு மேலே, இந்த எண்ணிலிருந்து வந்தால் எதுவும் பேசாதே, நேரே என் மேசைக்கு அனுப்பு என்று ஒரு வரி எழுதினார். தப்பில்லாமல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் படித்தார். சேமித்து, மென்பொருளைத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

இனி அவர் அழுத்த வேண்டும்.

அழுத்தவில்லை. திரை வெறுமையாக இருந்தது. ரோஷக்காரர் பேக்கரிக்காரர், போதும் போ என்று விட்டுவிட்டாரா? அல்லது கையைத் தூக்கவே முடியவில்லையா? ஆஸ்பத்திரியில் இருந்தபோது எத்தனையோ கெட்ட செய்திகளை அக்கா ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு மாற்றி விட்டிருக்கிறார். அவற்றில் எதற்கும் அவர் காரணமில்லை. "அழுத்துங்க தம்பி, இன்னும் ஒரே ஒரு தடவை அழுத்துங்க" என்று திரையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பெரியவர் பக்கத்தில் நின்றுகொண்டு, எதற்கென்று தெரியாமல் மேசை விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது.

"தம்பி, நான் அக்கா பேசறேன்."

எதிர்ப்பக்கம் மூச்சு மட்டும். பிறகு, "ஆமா... பேசுவீங்க... ஒன்னை அழுத்தணும், அதானே..."

"இல்ல தம்பி, இது நிஜமாவே நான்தான். மிஷின் இல்ல."

"அதையும் ரெக்கார்டு பண்ணி வெச்சிட்டீங்களா... நல்லா இருங்க..."

இனி பேசாமல் விட்டுவிடப் போகிறார் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. என்ன சொன்னால் நம்புவார்? என்ன சொன்னாலும் அதே குரல்தானே! சட்டென்று ஒரு கோபத்தை வரவழைத்துக்கொண்டார்.

"போன தடவை உங்க கடையில வாங்கின பிரெட் அடியெல்லாம் கரி. சுரண்டிச் சுரண்டி என் நகம் போச்சு. இதையும் ரெக்கார்டு பண்ணி வெச்சிருப்பேனா?"

பேக்கரிக்காரருக்குள் இருந்த தொழில்காரர் விழித்துக்கொண்டார்.

"அது... அடுப்புத் தட்டு வளைஞ்சு போச்சுக்கா. மாத்திட்டேன்."

"மாத்தினா சரி. இப்ப சொல்றதைக் கேளுங்க. எங்க வீட்டுக்காரர் வந்துட்டே இருக்கார். உங்க வீட்டுல மருந்தோட லிஃப்ட்கிட்ட நிக்கறாங்க."

"அக்கா... நீங்கதானா?" என்று அந்த ஆள் அழ ஆரம்பித்துவிட்டார்.

"அழுதா இன்னும் மூச்சு வாங்கும். அப்புறமா அழலாம். கையில என்ன?"

"கேக்கு."

"இவ்வளவு நேரமாவா? கீழ வைங்க."

"கிரீம்ல தூசி படியும்க்கா."

"படியட்டும். வெச்சிட்டு, சுவத்துல சாஞ்சு உக்காருங்க. மேல பாருங்க, விளக்குப் பக்கத்துல ஓட்டை ஓட்டையா இருக்கா? காத்து அது வழியா வந்துகிட்டேதான் இருக்கு. அங்க காத்துக்குப் பஞ்சமே இல்ல. மூக்கால இழுங்க. வாயைக் குவிச்சு மெதுவா விடுங்க, பிறந்தநாள் மெழுகுவத்தி அணைக்கிற மாதிரி. அவசரம் வேண்டாம். நான் லைன்லயே இருக்கேன்."

அவர் ஊத, இவரும் இங்கே கூடவே ஊதினார். தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பெரியவரும் ஊதிக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல அந்த விசில் சத்தம் தணிந்தது.

மொட்டைமாடி இயந்திர அறைக்கு ஏறிய மெக்கானிக் மின்சாரத்தை நிறுத்தினார். பிரேக்கை விலக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பெட்டியை அங்குலம் அங்குலமாகத் தளத்துக்கு இறக்கினார். "அக்கா, ஆடுது" என்றது பேக்கரிக்காரர் குரல். "ஆடட்டும். அது உங்களை வீட்டுக்குக் கொண்டுவர்ற ஆட்டம்" என்றார் அக்கா. நின்றது. காலடிச் சத்தம். கதவு கிறீச்சிட்டது. ஒரு பெண் குரல் உரக்கத் திட்டிக்கொண்டே அழுதது. அதற்கு மேல் மெக்கானிக்கின் குரல்: "என்னப்பா, தனியா உக்காந்து கேக்கைக் காலி பண்ணிட்டியா?"

மருந்தை உறிஞ்சும் சத்தமும் அக்காவுக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் காதிலிருந்து ரிசீவரை எடுத்தார். போன உயிர் திரும்பி வந்தது. பெரியவர் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து வைத்தார். அவர் யாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்து அக்கா பார்த்ததில்லை.

தண்ணீரைக் குடித்துவிட்டு அக்கா எழுந்தார். கணினியின் மின்கம்பியில் கை வைத்தார்.

"மாமா, சொன்ன வார்த்தை சொன்னதுதான். கூப்பிட்டாரு, நாம எடுக்கல. தூக்கி வெளிய வெச்சிடறேன்."

பெரியவர் வாசலைப் பார்த்தார். "வெளியவா? மழை வர்ற மாதிரி இருக்கே."

"விளையாடாதீங்க மாமா. தப்பு என்னோடது."

"உக்காரும்மா. ஒன்னை அழுத்து ரெண்டை அழுத்துன்னு குரல் வேணும்னு கேட்டது யாரு? நான். பாதித் தப்பை இந்தப் பக்கம் தள்ளு." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்தப் புத்தகக்காரன் பெட்டியா இருந்திருந்தா இப்ப நீ என்ன பண்ணியிருப்பே? திறக்கக் கூடாதுன்னானே! அவனுக்குத்தானே போன் பண்ணியிருக்கணும்? அங்கயும் ஒரு குரல் வந்து ஒன்னை அழுத்துன்னிருக்கும். நீ அழுத்திட்டிருப்பே, அந்தப் பய உள்ள ஊதிட்டிருப்பான். உன் பெட்டின்னா நீயே திறந்து நீயே எழுதினே. நான் பாத்துட்டுத்தானே நின்னேன்? எடு கையை அந்த ஒயர்லேர்ந்து."

மெக்கானிக் வந்து சேர்ந்தபோது சட்டையில் கிரீமும் கிரீஸும் சரிபாதியாக இருந்தன. அக்கா முதலில் கேட்ட கேள்வி பேக்கரிக்காரரைப் பற்றி. நன்றாக இருக்கிறார், கடையில் உட்கார்ந்து கதையைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது. இரண்டாவது கேள்வி:

"அன்னிக்கு அந்த பில்டிங்ல டெஸ்ட் பண்ணீங்களே. நான் என்ன பேசினேன்?"

மெக்கானிக் யோசித்தார். "வணக்கம்னே."

"வீட்டுக்காரருக்குப் போன்ல வணக்கம் சொல்றவளா நான்? அப்புறம்?"

"அப்புறம் ஏதோ சொன்னே. சரி சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்." தலையைச் சொறிந்தார். உண்மை மெல்ல அவர் முகத்தில் இறங்கியது.

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏண்டா, கட்டின பொண்டாட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் வித்தியாசம் தெரியாம நின்னியே!"

"அது எப்படிண்ணே தெரியும்? ரெண்டுமே நான் சொல்றதைக் கேக்கறதில்ல."

அன்று அக்கா அந்தப் பேச்சுக்குக் கோபித்துக்கொள்ளவில்லை. சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டையும் முந்தானையால் ஒன்றாகத் துடைத்துக்கொண்டார்.

அறிவிப்பை அவர் எடுத்துவிடவில்லை. ஆனால் ஒன்றும் அழுத்தாதவருக்கு நன்றி சொல்லித் துண்டிக்கும் வரி போய்விட்டது. பேசாமல் காத்திருக்கிறவர் யாராயிருந்தாலும் இப்போது மணி அடிக்கும், அக்கா எடுப்பார். கடன்காரக் கும்பல் இதனால் கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்கிறது. வரட்டும் என்று விட்டுவிட்டார். பேக்கரிக்காரர் கட்டடச் சொந்தக்காரரிடம் போய் நின்ற நிற்பில் இணைய இணைப்புக்கும் பணம் வந்தது; அந்த லிஃப்டும் மற்றவற்றோடு உள் எண்ணாகிவிட்டது. மெக்கானிக் மறுபடி ஒரு சுற்றுப் போனார். இந்தத் தடவை ஒவ்வொரு லிஃப்டிலும் பொத்தானை அழுத்தி, அக்காவோடு ஒரு வாய்ச் சண்டை போட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

நடந்ததை அக்கா இணையதளத்தில் எழுதினார், தன் தப்பையும் சேர்த்து. தாடிக்காரர் வழக்கமாக உடனே பதில் போடுகிறவர், இதற்குத் தாமதமாயிற்று. என்ன நினைத்துக்கொண்டாரோ என்று அக்காவுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு பதில் வந்தது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுந்து என் அம்மா வசிக்கும் கட்டடத்துக்குப் போனேன். அங்கே பல வருடங்களுக்கு முன் நான்தான் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தேன். லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன். ஒன்றை அழுத்தச் சொல்லியது. இப்போது சரிசெய்துவிட்டு வந்து எழுதுகிறேன் என்று இருந்தது. அக்கா அதைச் சத்தமாக மொழிபெயர்த்துப் படித்தார். "தாடியும் நம்மள மாதிரிதானா!" என்றார் பெரியவர், பெருத்த நிம்மதியோடு.

பேக்கரிக்காரர் இப்போதும் கேக்கோடு லிஃப்டில்தான் போகிறார். ஆனால் ஏறியதும், கதவு மூடுவதற்கு முன்னால், சிவப்புப் பொத்தானை அழுத்துகிறார். அவசரத்துக்கு மட்டும் அழுத்த வேண்டிய பொத்தான் அது. பெரியவர் கண்டிக்கச் சொன்னார், அக்கா கண்டிக்கவில்லை. மணி அடித்ததும் எடுக்கிறார்.

"அக்கா, நீங்களா? இல்ல அதுவா?"

"நான்தான் தம்பி."

"அப்படின்னா சொல்லுங்க, இன்னிக்கு என்ன சமையல்?"

"நேத்து மிஞ்சினதுதான். போங்க, கேக் சாயுது."

"நீங்கதான்" என்று சொல்லிவிட்டு, அவர் மாடிக்குப் போகும் பொத்தானை அழுத்துகிறார்.